உப்பு எங்கே இருக்கிறது?

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு ஊசி ஒடிந்தால் அது சின்ன விஷயமில்லை. டெய்லர் மெஷினை நிறுத்த வேண்டும். சூப்பர்வைசர் வந்து துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, சேர்த்து வைத்து முழு ஊசியாக வருகிறதா என்று பார்த்து, நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டிக் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் புது ஊசி. முனை கிடைக்கவில்லை என்றால் அங்கே இருக்கும் பீஸ் மொத்தமும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய்வர வேண்டும். நூலும் அப்படித்தான். முப்பதாம் நம்பர் கோம்டு நூல் வந்து இறங்கினால், கவுண்ட் சரியா, பலம் எவ்வளவு என்று லேப் ரிப்போர்ட் பார்க்காமல் நிட்டிங்குக்கு அனுப்ப மாட்டேன். துணி வந்தால் வட்டமாக வெட்டி எடை போட்டு ஜி.எஸ்.எம். பார்ப்பேன். கேன்டீனுக்கு வரும் தக்காளியைக்கூட அமுக்கிப் பார்க்கிற ஆள்.

அப்படிப்பட்ட நான்தான் கம்பெனியின் சாவிக்கொத்தையும், கேமரா பாஸ்வேர்டையும், சம்பளப் பணம் எந்தக் கிழமை வரும் என்பதையும், பின் கேட்டின் பூட்டு ஒரு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும் என்ற ரகசியத்தையும் ஒருவரிடம் தூக்கிக் கொடுத்தேன். அதற்கு முன் அவரிடம் நான் கேட்ட கேள்வி, "டீயா, காபியா?"

அவர் செக்யூரிட்டி கன்சல்டன்ட். அவரைத் தேடி நான் போகக் காரணம் அமெரிக்க பையர்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் ஊரில் அதைச் சி-டிபேட் என்பார்கள். மெர்ச்சண்டைசர் முதல் கன்டெய்னர் டிரைவர் வரை எல்லோருக்கும் அந்தப் பெயர் வாயில் வரும்; விரித்துச் சொல்லச் சொன்னால் போன் வந்தது போல நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படி நகர்ந்தவன்தான். விஷயம் இவ்வளவுதான்: நாம் அனுப்பும் பெட்டிக்குள் நம் சரக்கைத் தவிர வேறு எதுவும் ஏறிவிடக் கூடாது. அதற்காக வேலி, விளக்கு, வாசல், ஆள் நடமாட்டம், கன்டெய்னர் சோதனை, முத்திரை என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. 2019-இல் அந்த விதிகளைப் புதுப்பித்தபோது கம்ப்யூட்டர் பாதுகாப்பு விரிவாக வந்தது. சரக்கு ஏற்றும் மரப்பலகையில் பூச்சி இருக்கிறதா என்பதும் சேர்ந்துகொண்டது.

பையரிடமிருந்து மெயில் வந்தது. பாதுகாப்பு ஆடிட் ஒன்று வரும், தயாராக இருங்கள் என்றது. கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரி: சென்ற ஷிப்மென்ட்டில் சில அட்டைப்பெட்டிகளில் பீஸ் குறைந்திருந்தது. முதல் விஷயத்துக்குப் பயந்தேன், இரண்டாவது விஷயத்துக்கு வெட்கப்பட்டேன். பயமும் வெட்கமும் சேர்ந்தால் மனிதன் யாரை வேண்டுமானாலும் "வாங்க, உட்காருங்க" என்பான்.

அவர் வந்தார். நல்ல உயரம். முறுக்கிய மீசை. முதுகு கோடு போட்டது போல நேராக இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் வாட்ச்மேன் தாத்தா தானாகவே எழுந்து சல்யூட் அடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு அடித்ததில்லை. அந்த ஒரு சல்யூட்டை நான் தேர்வு முடிவாக எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே என் மாமாவிடம், "எக்ஸ் மிலிட்டரிங்க மாமா, கையில புடிச்சிட்டேன்" என்று சொன்னேன். மிலிட்டரி என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. கார்டிலும் இல்லை. அது அவருடைய முதுகைப் பார்த்து நானே முடிவு செய்தது.

அவர் கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாக நடந்தார். நடுநடுவே நின்று, கூரையைப் பார்த்து, "ம்ம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு "ம்ம்"முக்கும் எனக்கு வயிறு கலங்கியது. ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். என்ன என்று கேட்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. சொந்தக் கம்பெனியில் முதலாளி எப்படி முழிப்பது? ஆகவே நானும் கூரையைப் பார்த்து "ம்ம்" என்றேன். இரண்டு பேரும் அப்படியே கம்பெனி முழுக்கச் சுற்றி வந்தோம்.

பிறகு கேபினில் உட்கார்ந்து போனில் ஒரு வீடியோ காட்டினார். 2019 அக்டோபரில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு பெரிய நகைக்கடையின் சுவரில் துளை போட்டு சுமார் 13 கோடி ரூபாய் நகையை அள்ளிக்கொண்டு போனார்களே, அந்தக் கேமராக் காட்சி. பொம்மை முகமூடி போட்ட ஆட்கள் கடைக்குள் நிதானமாக நடமாடுகிறார்கள். "பாத்தீங்களா சார்? உங்களுக்குக் கேமரா பத்தாது" என்றார். நான் நடுங்கிப்போய் சரி என்றேன். அந்தக் கடையில் கேமராக்கள் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தன என்பதும், அதனால்தான் அந்த வீடியோவே இருக்கிறது என்பதும், அவை முகமூடிகளை மிகத் துல்லியமாகப் பதிவு செய்தன என்பதும், சுவருக்குத்தான் யாரும் காவல் இல்லை என்பதும் எனக்குப் பில் வந்த பிறகு உறைத்தது.

கேமரா அவருடைய மைத்துனர் கடையிலிருந்து வந்தது. இதை மறைத்தார் என்று சொல்ல முடியாது. பில்லிலேயே அச்சடித்திருந்தது; நான் கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்தேன். முதலில் "சர்வே ஃப்ரீங்க சார்" என்று அவர் சொன்னபோது நான் பூரித்துப்போனது ஞாபகம் வருகிறது. ஒரு மனிதர் ஒரு முழு நாளை எனக்கு இலவசமாகத் தருகிறார் என்றால், அந்த நாளின் கூலி வேறு எந்த வழியாகவோ என் பாக்கெட்டிலிருந்துதான் போகும் என்று நூல் புரோக்கர்களிடம் இத்தனை காலம் பழகிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, தொழில்முறைப் பாதுகாப்பு ஆலோசகர்களுக்கானது. பொருள் விற்பவரை, கமிஷன் வாங்குபவரை அது உறுப்பினராகவே சேர்ப்பதில்லை. யோசனை சொல்பவர் ஒருவர், பூட்டு விற்பவர் வேறொருவர் என்பது அவர்களுக்கு முதல் விதி. எனக்கோ, இரண்டும் ஒரே ஆளிடம் கிடைத்தால் அலைச்சல் மிச்சம்.

உரிமம் பார்த்தாயா என்று கேட்பீர்கள். அங்கேயும் ஒரு கூத்து. காவலாளி அனுப்பும் ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் உரிமம் வேண்டும். காவலாளிக்குப் பயிற்சி இத்தனை மணி நேரம் என்று விதியே உண்டு: வகுப்பறையில் 100, களத்தில் 60. ஆனால் அந்தக் காவலாளி எங்கே நிற்க வேண்டும் என்று யோசனை சொல்பவருக்குத் தனி உரிமம் என்று எதுவும் இல்லை. கார்டு அடிக்கத் தெரிந்தால் போதும். ஆகவே பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்கக் கூலி கொடுப்பவனுடையது. கூலி கொடுப்பவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு விசாரணை செய்தேன், இல்லையென்று சொல்லக் கூடாது. அவர் கொடுத்த நம்பருக்கு, அவர் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன். மறுமுனையில் ஈரோட்டுக்காரர் ஒருவர். "தங்கமான மனுஷனுங்க" என்றார். உங்களுக்கு என்ன வேலை செய்தார், என்ன கண்டுபிடித்தார், அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள், மறுபடி தேவைப்பட்டால் அவரையே கூப்பிடுவீர்களா என்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். "அப்படிங்களா, சந்தோஷமுங்க" என்று வைத்துவிட்டேன். வெகு நாள் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அந்த ஈரோட்டுக்காரர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். "எங்களுக்கு அவரு ஒண்ணும் பண்ணலீங். பாவம், குடும்பஸ்தரு. போன்ல கேட்டா வேற என்னத்தைச் சொல்றதுங்?" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

சில வாரங்களில் எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. தங்க நிற முத்திரை, கழுகுப் படம், நடுவில் எங்கள் கம்பெனி பெயர். "சி-டிபேட் சர்டிஃபைடு." சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, தினமும் ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் ஒரு சுற்று சேர்த்தே காட்டினேன். ஆடிட்டுக்குப் பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு நல்ல மரியாதையோடு விளக்கினார். அந்தத் திட்டத்தில் அமெரிக்க இறக்குமதியாளர் சேரலாம், கப்பல் கம்பெனி சேரலாம், வெளிநாட்டு உற்பத்தியாளர்களில் மெக்சிகோ, கனடாக்காரர்களுக்கு இடம் உண்டு. திருப்பூர்க் கம்பெனிக்குப் பொதுவாக அதில் உறுப்பினராக வழியே கிடையாது. எங்களைப் போன்றவர்கள் அந்த விதிப்படி நடக்கிறோமா என்று பையருக்காக யாராவது வந்து பார்த்து மார்க் போடுவார்கள், அவ்வளவுதான். அரசாங்கத்திடமிருந்து அந்தஸ்து வேண்டுமென்றால் நம் சுங்கத் துறையே ஏ.இ.ஓ. என்று ஒரு திட்டம் நடத்துகிறது. நேராக அவர்களிடம் விண்ணப்பிக்கலாம். "இதை யாரு சார் குடுத்தா?" என்று கேட்டார். ஊதுபத்திச் சாம்பல் சட்டத்தின் மேல் விழுந்திருந்தது. துடைப்பது போல நடித்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் பாதுகாப்புக் கையேட்டைக் கேட்டார். நல்ல கனமான ஃபைல். அதற்காகவே தனியாகப் பணம் கொடுத்திருந்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இளைஞர் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சார், உப்பு எங்கே வெச்சிருக்கீங்க?"

"உப்புங்களா?"

"பனி கொட்டினா ஒரு மணி நேரத்துக்குள்ள வண்டி நிறுத்துற இடத்துல உப்புத் தூவணும்னு உங்க புரொசீஜர் சொல்லுது. அதுக்குப் பொறுப்பு நீங்கதான்னு போட்டிருக்கு."

நான் பேக்கிங் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் சிக்கல் வந்தால் கைவிடாத மனிதர். விடுவிடுவென்று கேன்டீனுக்குப் போய் ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட்டோடு திரும்பி வந்து மேசை மேல் வைத்தார். "இருக்குதுங்க சார்" என்றார். ஆடிட்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே கொளுத்துகிற சித்திரை வெயிலைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது பிறகு ரிப்போர்ட்டில் வந்தது. மார்க்கை நான் இங்கே சொல்லப்போவதில்லை. கையேட்டின் பின் பக்கங்களில் எங்கள் கம்பெனி பெயருக்குப் பதிலாக வேறு யாரோ ஒருவருடைய குளிர்பதனக் கிடங்கின் பெயர் மூன்று இடத்தில் மாற்றாமலே இருந்தது. அதன் கீழேயும் என் கையெழுத்து.

முத்திரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்குத்தான் அவமானம். கன்டெய்னர் கதவில் போடும் போல்ட் சீல் ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில், உயர் பாதுகாப்பு என்பதற்கான அடையாள எழுத்தோடு இருக்க வேண்டும். போட்ட பிறகு பார்க்கணும், நம்பரைச் சரிபார்க்கணும், இழுக்கணும், திருகணும். எங்கள் சீல் எல்லாம் தரமானவைதான். ஆனால் அவை இருந்த பெட்டி என் மேசையில், மிக்சர் டப்பாவுக்குப் பக்கத்தில், மூடியில்லாமல் இருந்தது. எத்தனை இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கேயும் இல்லை. கன்டெய்னருக்குள் ஏழு இடம் பார்த்து டிக் போடும் தாளில், அன்று வரவேண்டிய, இன்னும் வந்து சேராத வண்டிக்கும் டிக் போட்டிருந்தது. மிக்சருக்குக் கணக்கு இருந்தது என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

இத்தனைக்குப் பிறகும் கன்சல்டன்ட்டை நான் திட்டவில்லை. ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி, மிச்சப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். கொடுக்கும்போது ஒரு சமாதானத்துக்காக, "நீங்க ஆர்மில எந்த ரெஜிமெண்டுங்க?" என்று கேட்டேன்.

அவர் திகைத்துப்போனார். "ஆர்மிங்களா? இல்லீங்க சார். டிஸ்க் பிரச்னை. டாக்டர் நிமிந்தே நடக்கச் சொல்லிட்டாரு."

அதன் பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. பல மாதம் கழித்து ஒருநாள் இரவு அவரிடமிருந்து போன். "சார், செக்கிங் ரூம்ல லைட்டு எரிஞ்சுட்டே இருக்குது. கரண்ட் பில் ஏறும், அணைக்கச் சொல்லுங்க." எவ்வளவு அக்கறை! மனம் நெகிழ்ந்து நன்றி சொன்னேன். காலையில் அக்கவுண்ட்ஸ் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கணக்கிலிருந்து தலையைத் தூக்கி, "அவருக்கு எப்படிங் சார் தெரிஞ்சுது?" என்றாள்.

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. கேமரா மாட்டிய அன்று அவர் போனில் போட்டுக்கொண்ட இணைப்பை யாரும் எடுக்கவே இல்லை. பாஸ்வேர்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடியே இருந்தது. அது எதுவென்று சொல்ல மாட்டேன், நீங்கள் முதலில் நினைப்பதுதான். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்து அவற்றைக் கொண்டு பெரிய பெரிய இணையத் தளங்களையே முடக்கியதே, அதற்கு வழிவிட்டது பெரும்பாலும் இப்படி யாரும் மாற்றாத பாஸ்வேர்டுகள்தான் என்று அந்தப் பெண்தான் எனக்குச் சொன்னாள். இவ்வளவு நாளும் ராத்திரியில் எங்கள் பேக்கிங் ரூமை ஒரு நேரான முதுகு தன் வீட்டுச் சோபாவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

சூடு பட்டவன் அடுத்து என்ன செய்வான்? எதிர்ப்பக்கம் போய் விழுவான். நானே உட்கார்ந்து ஒரு நீண்ட கேள்வித்தாள் தயாரித்தேன். யார் வந்தாலும் ஊசி நோட்டைப் போலத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பார்த்துவிடுவது என்று சபதம். அதில் சான்றிதழ் பெயர்கள் எல்லாம் எழுதிவைத்திருந்தேன். 1955-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.எஸ்.ஐ.எஸ். என்ற அமைப்பு சி.பி.பி. என்ற தகுதியைத் தருகிறது. அது கட்டடம், ஆள், சரக்குப் பாதுகாப்பை நிர்வகிப்பவர்களுக்கானது. சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்பது தகவல் பாதுகாப்புக்காரர்களுக்கான தேர்வு; பாஸ் செய்தால் மட்டும் போதாது, ஐந்து வருட வேலை அனுபவமும் காட்ட வேண்டும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது, வேலியும் பூட்டும் பார்க்க வந்தவரிடம் "சி.ஐ.எஸ்.எஸ்.பி. இல்லாம எப்படிங்க வந்தீங்க?" என்று அதட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டு, போய்விட்டார். சான்றிதழ் எண்ணைக் கொடுத்த அமைப்பிடமே கேட்டுச் சரிபார்க்கலாம் என்பதை மட்டும் நான் கேள்வித்தாளில் சேர்க்கவில்லை. லேமினேஷன் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

இன்னொரு கேள்வி: "வேறு கம்பெனிக்குச் செய்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்." நல்ல கேள்விதான். ஒருவர், "பேரு, வரைபடம் எல்லாம் அழிச்சுட்டு நாலு பக்கம் காட்டறேன், முழுசாத் தர முடியாதுங்க" என்றார். என்னமோ மறைக்கிறார் என்று அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் பையைத் திறந்து அப்படியே ஒரு முழு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். எங்கள் ஊர்க் கம்பெனிதான், அதுவும் எனக்குப் போட்டிக் கம்பெனி. எந்தச் சுவர் உயரம் குறைவு, எந்த வாட்ச்மேன் எத்தனை மணிக்குத் தூங்குவார், சாம்பிள் ரூம் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று எல்லாமே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வார இதழ்த் தொடர்கதை மாதிரி ரசித்துப் படித்தேன். இவரையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து மனைவியிடம் சொன்னேன். "அடுத்த மாசம் நம்மளுத அவங்க வீட்டுல படிப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

கடைசியில் கோவையிலிருந்து ஒரு மேடம் வந்தார். முன்பு ஃபேக்டரி ஆடிட் செய்துகொண்டிருந்தவர். கார் வந்து நின்றதும் நான் ஓடிப்போய், முன் கதவைத் திறந்து இறங்கியவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க சார், உங்களைப் பத்தி ரொம்ப கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். அவர் டிரைவர். நல்ல உயரம், நேரான முதுகு. பின்னாலிருந்து ஃபைலோடு இறங்கிய மேடம், "அவரும் நல்லாத்தான் வேலை பார்ப்பாருங்க, ஆனா நாந்தான் வந்திருக்கேன்" என்றார். என் கேள்வித்தாளை அதன் பிறகு பைக்குள்ளிருந்து எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தேவையும் வரவில்லை. கேள்விகளை அவரே கேட்டார். எது காணாமல் போனால் உங்களுக்குத் தூக்கம் கெடும்? பீஸா, பையரா, டிசைனா, பணமா? போன வருஷம் என்னென்ன காணாமல் போச்சு? யார் யார் வேலையை விட்டுப் போனார்கள், சாவியைத் திருப்பித் தந்தார்களா? எனக்குப் பாதிக்குமேல் பதில் தெரியவில்லை. விசித்திரம் என்னவென்றால், தெரியவில்லை என்று சொல்வது அவரிடம் கஷ்டமாக இல்லை. அவரே அடிக்கடி அதைச் சொன்னார். கம்ப்யூட்டர் பக்கம் நான் தொட மாட்டேன், எனக்குத் தெரியாது, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தகுதி பார்த்துச் சேர்த்த ஆடிட்டர்கள் பட்டியல் பொதுவிலேயே இருக்கிறது, அதிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றார். சாவிக்கொத்தை நீட்டினேன், பழக்க தோஷம். "சாவி எனக்கு எதுக்குங்க? திறந்துவிட உங்க ஆளு கூட வரட்டும்" என்றார். வெளியில் எதையும் சொல்ல மாட்டேன் என்ற ஒப்பந்தத் தாளை அவரே கொண்டுவந்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், யார் வருவார்கள், கடைசியில் என்ன தருவேன் என்று இரண்டே பக்கத்தில் இருந்தது. பனி இல்லை.

ஒரு ராத்திரி சொல்லாமல் வந்து வாசலைச் சோதிப்பேன், அதற்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார். உடனே எழுதப் போனேன். "இந்த இடம் உங்க பேர்லதானுங்களா?" என்று நிறுத்தினார். இல்லை. கட்டிடம் மாமாவுடையது, நான் வாடகைக்கு இருக்கிறேன். அப்படியானால் அவர் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி ஒரு கதை சொன்னார். 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டல்லஸ் கவுண்டி நீதிமன்றத்துக்குள் இரண்டு பேர் நடு ராத்திரியில் புகுந்தார்கள். மாநில நீதித் துறையே பாதுகாப்பைச் சோதித்துச் சொல்லுங்கள் என்று கூலிக்கு அமர்த்திய கம்பெனியின் ஆட்கள். அலாரம் அடித்தது. ஓடவில்லை, போலீஸ் வரும்வரை நின்றார்கள், கடிதத்தைக் காட்டினார்கள். கவுண்டி ஷெரிஃப், கட்டிடம் கவுண்டியுடையது, அதில் புகச் சொல்ல மாநிலத்துக்கு ஏது அதிகாரம் என்று இரண்டு பேரையும் உள்ளே தள்ளிவிட்டார். கன்னமிட்ட வழக்கு. 2020 ஜனவரியில்தான் அது கைவிடப்பட்டது.

மாமாவிடம் போனேன். "உன் கம்பெனிக்குள்ள ராத்திரி திருட வர்ற பொம்பளைக்கு நான் கையெழுத்துப் போடணுமாக்கும்?" என்றார். விளக்கிச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில், வாடகையை ஏற்றிக் கொடுக்கிறேன் என்ற பிறகு போட்டார். மேடத்திடம் ஃபீஸில் பேரம் பேசி மிச்சம் பிடித்தது அதில் சரியாகப் போயிற்று. ஆமாம், பேரம் பேசினேன். "கடைசி ரேட்டு சொல்லுங்க" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது. "குறைக்கலாமுங்க, எதை விட்டுடலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று தாளை என் பக்கம் திருப்பினார். கையேடு அச்சடிப்பதை விட்டுவிடச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த சில நல்ல முடிவுகளில் ஒன்று.

ராத்திரிச் சோதனைக்கு மேடம் வரவில்லை, பையன் ஒருவனை அனுப்பினார். இரவு ஷிஃப்ட்டில், ஸ்டீம் அயர்ன் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு ஸ்பேனரோடு வந்தான். வாட்ச்மேன் தாத்தா நோட்டை நீட்டினார், அவன் எழுதினான், உள்ளே போனான், பேக்கிங் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து போட்டோ எடுத்தான், கேன்டீனில் டீயும் குடித்தான். நோட்டில் எழுதியிருந்தது இது: பெயர், முருகன். ஊர், பழனி. பார்க்க வந்தது, பக்தர்களை. மறுநாள் காலை வழக்கம்போல அந்தப் பக்கத்தின் அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

குறைந்த பீஸ்கள் போன வழியும் தெரிந்தது. கன்டெய்னரில் இல்லை, துறைமுகத்தில் இல்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டையில். வேஸ்ட் வியாபாரியின் டெம்போ வாரம் தவறாமல் பின் கேட்டு வழியாக வந்து போகும். நூலை எடை போடுவேன், துணியை எடை போடுவேன், பீஸை எண்ணுவேன். வேஸ்ட்டை மூட்டைக் கணக்கில் கொடுத்துவிடுவேன், குப்பைதானே என்று. மூட்டைக்கு நடுவில் மடிப்புக் கலையாத டி-ஷர்ட்டுகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் சில எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைகளில், பையரின் லேபிளோடேயே, தொங்கியதை மேடம் வாங்கிவந்து மேசையில் வைத்தார். தங்க முத்திரைக்காரர் மாட்டிய கேமராக்களில் நான்கு என் கேபினைப் பார்த்தன, மீதி முன் கேட்டையும் நடைவழியையும் செக்கிங், பேக்கிங் ரூம்களையும். வேஸ்ட் ரூமை ஒன்றுகூடப் பார்க்கவில்லை. இப்போது வேஸ்ட் மூட்டையைத் தரையில் கொட்டிப் பார்த்து, திரும்பக் கட்டி, எடை போட்டுத்தான் அனுப்புகிறோம். பேக் ஆன ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் எடை எழுதுகிறோம். ஒரு தராசு வாங்கினோம். இதில் வாங்கிய பொருள் அவ்வளவுதான். அதையும் எங்கே வாங்குவது என்று மேடத்திடம் கேட்டேன், அவர் சொல்ல மறுத்துவிட்டார்.

போன வாரம் கரூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். திரைச்சீலை, பெட்ஷீட் ஏற்றுமதி செய்கிறவர். செக்யூரிட்டி கன்சல்டன்ட் ஒருவர் தன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறார், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்றார். பெயரைச் சொன்னார். தங்க முத்திரைக்காரர்தான். சொல்ல வேண்டியது எல்லாமே என் நாக்கு நுனியில் இருந்தது: கழுகுப் படம், உப்பு, மைத்துனர், ராத்திரி லைட். அந்தப் பக்கம் யாரோ கனைத்துக்கொள்வது கேட்டது.

"ஆளு எப்படிங்க?" என்றார் கரூர்க்காரர்.

"நல்லா நிமிந்து நடப்பாருங்க."

"ஓ, மிலிட்டரிங்களா?"

அந்த நேரம் பார்த்து வாசலில் கன்டெய்னர் வந்துவிட்டது. சீல் நம்பர் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.